யோசி, பேசு, சொல்: பள்ளி முழுக்கக் கொண்டுவரும்போது எழும் சந்தேகங்கள்

பயிற்சிகளில் 'திங்க் பேர் ஷேர்' என்று சொல்லப்படும் முறையைத் தங்கள் பள்ளியில் கொண்டுவர நினைக்கும் தலைமை ஆசிரியர்களும், 'இது வேறயா' என்று பெருமூச்சு விடும் ஆசிரியர்களும், இடையிடையே பெற்றோரும் கேட்கிற கேள்விகள் இவை. குறுவளமையக் கூட்டங்களிலும் (அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) ஆசிரியர் அறைகளிலும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ள தமிழ்நாட்டு அரசுப் பள்ளி அல்லது உதவிபெறும் பள்ளியை மனதில் வைத்து எழுதியது. தொடக்கப் பள்ளிக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே உண்டு.

இது என்ன முறை சார்? ரெண்டு வரியில சொல்லுங்க.

ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். யாரும் உடனே பதில் சொல்லக் கூடாது. ஒரு நிமிடம் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக யோசித்து நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். அடுத்த இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். அப்புறம் ஆசிரியர் யார் பெயரைச் சொன்னாலும் அவர் எழுந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லைமன் 1981-இல் இதற்கு இந்த வடிவத்தைக் கொடுத்தார். நம் ஊரில் பல ஆசிரியர்கள் பெயர் தெரியாமலே இதில் பாதியைச் செய்துகொண்டிருக்கிறார்கள். விட்டுப்போவது பெரும்பாலும் முதல் ஒரு நிமிடம்தான், அந்தத் தனி யோசனை.

நான் கேள்வி கேட்டா பசங்க பதில் சொல்லத்தான் செய்றாங்க. இதுல புதுசா என்ன இருக்கு?

சொல்வது யார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். முதல் பெஞ்சில் அதே நாலைந்து பேர்தான். மற்றவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: கொஞ்சம் சும்மா இருந்தால் யாராவது சொல்லிவிடுவார்கள், நாம் தப்பித்துவிடலாம்.

மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, 'தெரியல' குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் இன்னொரு இடைவெளியையும் சொன்னார். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகு நாம் 'வெரிகுட்' என்றோ 'உட்காரு' என்றோ சொல்வதற்கு முன் உள்ள இடைவெளி அது. பயிற்சிகளில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பாதி வாக்கியம் சொல்லிவிட்டுப் பிள்ளை மூச்சு வாங்குவதற்குள் மீதியை நாமே சொல்லி முடித்துவிடும் பழக்கம் நமக்கு நிறையவே உண்டு.

ஏபிஎல் வந்துச்சு, ஏஎல்எம் வந்துச்சு, எல்லாம் போச்சு. இதுவும் ரெண்டு வருஷம்தானே சார்?

நியாயமான கேள்வி. இதைக் கேட்பவரைச் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவர்தான் முந்தைய முறைகளை உண்மையாகச் செய்து பார்த்தவர்.

செயல்வழிக் கற்றல் (ஏபிஎல்) 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியின் கற்றல் அட்டைகளும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படியும் அதற்கு அடிப்படை. 2007-08-க்குள் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்விட்டது. பாய், சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை, அலமாரி நிறைய அட்டைகள் என்று வகுப்பறையின் தோற்றமே மாறியது. ஆறு முதல் எட்டு வரை, பிள்ளைகள் பாடத்தைப் படித்து மனவரைபடம் வரையும் படைப்பாற்றல் கல்வி (ஏஎல்எம்) வந்தது. பிறகு இரண்டும் 'எளிமைப்படுத்தப்பட்ட' என்ற அடைமொழியோடு வந்தன. 2022-23-இல் தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. ஏன் செய்கிறோம் என்று ஆசிரியருக்குப் புரிந்திருந்த பள்ளிகளில் இவை உயிரோடு இருந்தன. புரியாத இடங்களில் மனவரைபடம் என்பது ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து ஆய்வுக்கு எடுத்துக் காட்டும் படமாகிப் போனது. அட்டை தொலைந்தால் பாடமும் நின்றது.

இப்போது பேசும் முறைக்கு அட்டை கிடையாது, அலமாரி கிடையாது, அரசாணையும் கிடையாது. மேலிருந்து வராததால் மேலிருந்து நிறுத்தவும் முடியாது. ஆனால் அதே காரணத்தால் பள்ளிக்குள் இருப்பவர்கள் பிடித்து நிறுத்தாவிட்டால் ரெண்டு வருஷம்கூடத் தாங்காது, ரெண்டு மாதத்தில் கரைந்துவிடும்.

எல்லா வகுப்பிலும் ஒரே நாள்ல ஆரம்பிச்சிடலாமா?

வேண்டாம். ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்புக்குப் போகும் ஆசிரியர்களில் விருப்பமுள்ள மூன்று நான்கு பேர் மட்டும் தொடங்கட்டும். ஒரே வகுப்பில் பல ஆசிரியர்கள் என்பதுதான் முக்கியம். காலையில் கணக்கிலும் மதியம் சமூக அறிவியலிலும் ஒரே மாதிரி நடந்தால் பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் பழகிவிடும். ஆளுக்கொரு வகுப்பில் தனித்தனியாகச் செய்தால் 'அது அந்த டீச்சரோட ஸ்டைல்' என்று முடிந்துவிடும்.

தொடங்கும் முன் அந்த நால்வரும் உட்கார்ந்து மூன்றே விஷயங்களை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும்: பேச்சை நிறுத்தச் சொல்லும் சைகை, யோசிக்கவும் பேசவும் கொடுக்கும் நேரம், பெயர் கூப்பிடும் முறை. மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். காலாண்டு விடுமுறை முடிந்ததும் அடுத்த வகுப்புகளுக்குப் போகலாம். பத்தாம் வகுப்பில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அங்கே எல்லாருக்கும் ஏற்கெனவே பதற்றம்.

பயிற்சி எத்தனை நாள் கொடுக்கணும்?

ஒரு மதியம் போதும். அதற்குப் பிறகு வாரம் ஒரு ஃப்ரீ பீரியடில் சக ஆசிரியரின் வகுப்பில் பின்னால் போய் உட்கார்ந்தால், மூன்று நாள் பவர்பாயின்ட் பார்ப்பதைவிட அதிகம் தெரியும்.

45 நிமிஷ பீரியட்ல சிலபஸ் முடிக்கிறதே பெரும்பாடு. இதுக்கு நேரம் எங்க?

ஒரு சுற்றுக்கு நாலைந்து நிமிடம் ஆகும். ஒரு பீரியடுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும் என்றால், நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதிலிருந்தும், கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிக்கட்டும் என்று காத்திருப்பதிலிருந்தும்தான் வர வேண்டும். வேறு வழி இல்லை.

முதல் ஒரு மாதம் பாடம் பின்தங்கத்தான் செய்யும். அதைத் தலைமை ஆசிரியர் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். 'புது முறையும் செய்யுங்க, போர்ஷனும் அதே தேதியில முடிங்க' என்றால், ஆசிரியர் எதை விடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு முறை பழகிய பிறகு சுற்று வேகமாகிவிடும். எந்த இடத்தில் குழப்பம் என்பது அன்றைக்கே தெரிந்துவிடுவதால் மறுபடி நடத்துவதும் குறையும்.

எந்த மாதிரி கேள்வி கேக்கணும்? புக் பேக் கேள்வியே போதுமா?

முறை பலிப்பதும் பலிக்காததும் இங்கேதான் இருக்கிறது. 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்று கேட்டு ஜோடியாகப் பேசச் சொன்னால் ஒருவர் ஒப்பிப்பார், மற்றவர் ஜன்னலைப் பார்ப்பார். பேச அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு இரண்டு பதில் தோன்றக்கூடிய கேள்வி வேண்டும்.

ஏழாம் வகுப்பு அறிவியலில் இப்படிக் கேட்கலாம்: 'நீர் 100 டிகிரியில்தானே கொதித்து ஆவியாகிறது? அப்படியானால் வெயிலே இல்லாத நாளிலும் கொடியில் போட்ட துணி எப்படிக் காய்கிறது?' கணக்கில்: '0.35 பெரிதா, 0.5 பெரிதா?' முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரிது என்று சொல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். தமிழில்: 'வேலை கொடுத்தான், வேலைக் கொடுத்தான். எந்த வாக்கியத்தில் வந்தவன் கையில் ஆயுதத்தோடு திரும்பிப் போனான்?' வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதைவிட இந்த ஒரு கேள்விக்கு வகுப்பு சூடாகும். சமூக அறிவியலில் வரைபடத்தைத் திறக்கச் சொல்லி, 'கேரளாவில் ஜூனில் கொட்டுகிற மழை சென்னைக்கு ஏன் அக்டோபர் வரை காத்திருக்கிறது?' என்று கேட்கலாம்.

புக் பேக் கேள்வியையும் திருப்பிக்கொள்ளலாம். 'சரியா தவறா' பகுதியை எடுத்து, காரணம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சேர்த்துவிடுங்கள்.

ஒரு சுற்று முழுசா எப்படி நடக்கும்னு சொல்லுங்களேன்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல். கரும்பலகையில் கேள்வி: 'நேராக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? 1. சுழி. 2. கீழ்நோக்கி 9.8. 3. மேல்நோக்கி 9.8.' ஒரு நிமிடம் மௌனம், நோட்டில் எண்ணை எழுத வேண்டும். பிறகு 'காட்டு' என்றதும் எல்லாரும் நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்ட வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பார்த்து மாற்றிக்கொள்வார்கள், அதனால்தான் நெஞ்சோடு. பெரும்பாலும் ஒற்றை விரல்கள்தான் தெரியும். ஆசிரியர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பகுதி.

'உங்களோட ஒத்துப்போகாத ஒருத்தரைப் பிடிச்சு ஒத்துக்க வைங்க, ரெண்டு நிமிஷம்' என்று விடுங்கள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தால் காதில் விழும்: 'நின்னுருச்சுல்ல, அப்புறம் எப்படிடா முடுக்கம் இருக்கும்?' 'சுழின்னா அங்கேயே தொங்கிக்கிட்டு இருக்கணுமே, ஏன் கீழ வருது?' இந்த இரண்டாவது கேள்வி ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிட்டால், ஆசிரியரின் பத்து நிமிட விளக்கம் மிச்சம். மறுபடி விரல் காட்டச் சொன்னால் இரட்டை விரல்கள் கூடியிருக்கும். அதன் பிறகு ஆசிரியர் திசைவேகம் சுழி, முடுக்கம் சுழி அல்ல என்று பலகையில் போட்டு முடிக்கலாம்.

விரல் காட்டும் இந்த வடிவம் ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1991-இல் தொடங்கிய முறையிலிருந்து வருகிறது. அவருடைய கணக்கு எளிது. முதல் சுற்றில் சுமார் 30 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் சரியாகச் சொன்னால் பேச விடாதீர்கள், மறுபடி நடத்துங்கள். 70-க்கு மேல் போனால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நடுவில் இருந்தால்தான் பேச்சுக்குப் பலன் இருக்கும்.

அம்பது பேர் பேசினா சத்தம் தாங்காதே. பக்கத்து கிளாஸ் டீச்சர் சண்டைக்கு வர்றாங்க.

முதல் இரண்டு வாரம் வருவார்கள். பேசும் நேரம் நீளமாக இருந்தால்தான் சத்தம் ஏறும். இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு ஆறு நிமிடம் விட்டால் மூன்றாவது நிமிடத்தில் பேச்சு சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் போய்விடும். கடிகாரம் பார்த்து நிறுத்துங்கள். கையை உயர்த்தியதும் பார்த்தவர்கள் தாங்களும் உயர்த்தி வாயை மூட வேண்டும் என்பதை, பாடமே நடத்தாமல், முதல் நாள் ஒரு விளையாட்டாகப் பழக்கிவிடலாம். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் தலைமை ஆசிரியர்தான் பேச வேண்டும், நீங்கள் அல்ல.

பெஞ்சுக்கு மூணு மூணு பேரா உக்காந்திருக்காங்க. ஜோடி எப்படி?

மூன்று பேராகவே பேசட்டும். நாலு பேர் வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் ஒருவர் ஒளிந்துகொள்வார். பெஞ்சை நகர்த்த முயலவே வேண்டாம், பாதி பீரியட் போய்விடும்.

நல்லாப் படிக்கிற பிள்ளையே பேசுது, மத்தது தலையாட்டுது. என்ன பண்றது?

மூன்று வழிகள் பலன் தருகின்றன. பேசும் முன் எழுத வைப்பது முதலாவது. எழுதிவிட்ட பிள்ளைக்குச் சொல்ல ஒரு வரியாவது கையில் இருக்கும். 'இன்னிக்கு ஜன்னல் பக்கம் இருக்கிறவங்க முதல்ல பேசணும்' என்று நாள்தோறும் மாற்றுவது இரண்டாவது. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கூப்பிட்ட பிள்ளையிடம் 'நீ என்ன நினைக்கிற' என்று கேட்காமல், 'உன் பக்கத்துல இருக்கிறவ என்ன சொன்னா?' என்று கேளுங்கள். அடுத்த நாளிலிருந்து காது திறந்துவிடும்.

திடீர்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பிள்ளைங்க பயந்துடாதா?

யோசிக்கவும் பேசிப் பார்க்கவும் நேரம் கொடுத்த பிறகு கூப்பிடுவதால் பயம் குறைவு. அதையும் மீறித் தயங்கினால் மேலே சொன்ன 'பக்கத்துல இருக்கிறவ என்ன சொன்னா' கைகொடுக்கும். 'தெரியல' என்றால் நிற்க வைக்காதீர்கள். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு அதே பிள்ளையிடம் திரும்பி வந்து 'இப்ப யார் சொன்னது சரின்னு தோணுது?' என்று கேளுங்கள்.

திக்கிப் பேசும் பிள்ளை, சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளை விஷயத்தில் முதல் நாளே தனியாகப் பேசி, எழுதிக் காட்டலாமா, சைகை செய்தால் மட்டும் கூப்பிடவா என்று அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூர், சென்னைப் பக்கம் பிற மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த இரண்டு நிமிடம்தான் தமிழ் பேசிப் பழகக் கிடைக்கும் பாதுகாப்பான இடம். பாதி இந்தியில் பேசினாலும் விடுங்கள்.

ஜோடியைப் பிள்ளைங்களே சேத்துக்கட்டுமா, நாம போடணுமா?

நாம்தான் போட வேண்டும். ஊரில் யார் யாரோடு உட்காருவார்கள், யாரோடு உட்கார மாட்டார்கள் என்பது வகுப்புக்குள்ளேயும் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். பிள்ளைகளிடம் விட்டால் தெருவாரியாகத்தான் ஜோடி சேரும். வருகைப் பதிவேட்டு வரிசையை வைத்து மாதம் ஒருமுறை எல்லாரையும் மாற்றுங்கள். எதற்காக மாற்றுகிறோம் என்று விளக்கவுரை ஆற்ற வேண்டாம். யாராவது பெற்றோர் வந்து 'எம் பிள்ளையை இடம் மாத்திப் போடுங்க' என்று கேட்டால் தலைமை ஆசிரியருக்கு ஒரே பதில்தான் இருக்க வேண்டும்: எல்லாருக்கும் ஒரே முறை, மாதம் ஒருமுறை மாறும். இதில் ஒருமுறை வளைந்துகொடுத்தால் அப்புறம் நிமிர முடியாது.

ஆண், பெண் ஜோடி என்றால் எட்டு, ஒன்பதாம் வகுப்பில் சிரிப்பும் கிண்டலும் வரும். முன் பெஞ்சும் பின் பெஞ்சும் நாலு பேராகச் சேர்வதில் தொடங்கினால் தானாகச் சரியாகும்.

தப்பான பதிலை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துட்டா?

சொல்லிக் கொடுப்பார்கள். வாய் வலுத்தவர் தப்பாகச் சொன்னாலும் மற்றவர் ஒத்துக்கொள்வார். அதனால்தான் மூன்றாவது படி இருக்கிறது. பேசியதோடு விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் முறை தீங்குதான் செய்யும். ஒவ்வொரு சுற்றும் ஆசிரியர் சரியான பதிலைத் தெளிவாகச் சொல்லி, பிள்ளைகள் தாங்கள் முதலில் எழுதிய வரிக்குக் கீழே திருத்தி எழுதுவதில் முடிய வேண்டும். முதல் வரியை அழிக்கவோ ஒயிட்னர் பூசவோ விடாதீர்கள். அடித்துத் திருத்தாமல் இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கட்டும்.

பத்தாவதுக்கும் பிளஸ் டூவுக்கும் ஒத்து வருமா? ரிசல்ட் கேப்பாங்களே.

வரும், கொஞ்சம் வேறு வடிவத்தில். ஒரு மதிப்பெண் கேள்விகள் நாலு விடையோடு தயாராகவே இருக்கின்றன. விரல் காட்டும் சுற்றுக்கு அவை அப்படியே பொருந்தும். ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பிள்ளை எழுதிய ஒரு விடையைப் பெயரில்லாமல் பலகையில் போட்டு, 'இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க, ஏன்?' என்று ஜோடியாகப் பேசச் சொல்லலாம். திருத்துபவர் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை தேர்வறையில் தன் விடையையும் அப்படிப் பார்க்கும். மூன்றாம் திருப்புதல் தேர்வு நெருங்கிய பிறகு புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.

எங்களது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. எங்களுக்கும் இது உண்டா?

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் கற்றல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே பிள்ளைகள் குழுக்களாக இருக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு முறையைச் சுமக்க வேண்டாம். கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, 'அப்புறம் என்ன ஆகியிருக்கும்? பக்கத்துல சொல்லு' என்று கேட்டால் போதும். எழுத வைக்க வேண்டியதில்லை.

'கிளாஸ்ல பாடமே நடத்தலையாமே, பேசிக்கிட்டே இருக்காங்களாமே'ன்னு பெற்றோர் வந்து கேட்டா?

விளக்காதீர்கள், செய்து காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் துணி காயும் கேள்வியை அவர்களிடமே கேட்டு இரண்டு நிமிடம் பேச விடுங்கள். துணியைப் பற்றிப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும், கூட்டம் களைகட்டும். கூடவே பிள்ளையின் நோட்டில் இருக்கும் அந்த இரண்டு வரிகளை, முதலில் நினைத்ததையும் பிறகு திருத்தியதையும், காட்டுங்கள். நோட்டில் எதுவும் இல்லாவிட்டால்தான் பெற்றோருக்குச் சந்தேகம் வரும்.

எச்.எம். எப்படிக் கண்காணிக்கிறது? ஒரு ரிஜிஸ்டர் போட்டுடலாமா?

தயவுசெய்து வேண்டாம். 'இன்று எத்தனை சுற்று செய்தீர்கள்' என்று பதிவேடு வைத்த அன்றைக்கே ஆசிரியரின் வேலை அதை நிரப்புவது என்று ஆகிவிடும். ஏற்கெனவே எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) ஏற்ற வேண்டியதே போதும் போதும் என்றிருக்கிறது. மனவரைபடத்துக்கு என்ன ஆனது என்று மேலே சொன்னேன். அதற்குக் காரணம் மனவரைபடம் இல்லை, அதைக் கேட்ட விதம்.

பதிலாக, வாரம் இரண்டு வகுப்பில் ஐந்து நிமிடம் பின்னால் நில்லுங்கள். இரண்டே விஷயம் பாருங்கள்: பேசும் முன் எத்தனை பேர் எழுதினார்கள், வழக்கமான முகங்களைத் தவிர வேறு எத்தனை பேர் வாய் திறந்தார்கள். அதை மாலையில் அந்த ஆசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் 'இப்படி இல்ல டீச்சர்' என்று குறுக்கிடவே கூடாது. இன்னொன்று, தலைமை ஆசிரியரும் ஒரு வகுப்புக்குப் போய் இதைச் செய்ய வேண்டும், மற்ற ஆசிரியர்கள் பார்க்கும்படி. அது சொதப்பினால் இன்னும் நல்லது, மற்றவர்களுக்கு தைரியம் வரும்.

ஆய்வுக்கு வரும் அலுவலர் கேட்டால் காட்ட, பாடக்குறிப்பில் அன்றைய கேள்வியை மட்டும் ஒரு வரி எழுதினால் போதும். செயல்பாடு, கண்டறிதல் மூலம் குழந்தையை மையமாக வைத்துக் கற்பிக்க வேண்டும் என்று 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமே 29-ஆம் பிரிவில் சொல்கிறது. யாரும் இதைத் தவறு என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

சீனியர் ஒருத்தர் 'முப்பது வருஷமா நடத்துறேன், எனக்கே சொல்லித் தர்றியா'ங்கிறார்.

விட்டுவிடுங்கள். அவரிடம் கேள்வி கேளுங்கள்: 'சார், இந்தப் பாடத்துல பசங்க எங்க தப்பு பண்ணுவாங்க?' முப்பது வருட விடைத்தாள்களைத் திருத்தியவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மேலே கேட்ட 'எந்த மாதிரி கேள்வி' என்பதற்கு அவரே சுரங்கம். அவர் சொன்ன தப்பை வைத்து நீங்கள் கேள்வி தயாரித்து, அது வகுப்பில் எப்படிப் போனது என்று போய்ச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் செய்யாவிட்டால் பரவாயில்லை. நன்றாக நடத்தத் தெரிந்த ஒருவர் தன் வழியில் நடத்துவதால் பள்ளிக்கு நஷ்டமில்லை.

கம்பெனிக்காரங்க கிளிக்கர், டேப் எல்லாம் தர்றோம்ங்கிறாங்க. வாங்கலாமா?

கிளிக்கர் என்பது பிள்ளைகள் பொத்தானை அழுத்தி விடையைத் தெரிவிக்கும் கருவி. பத்து விரல் இருக்கும்போது அது எதற்கு? இலவசமாகக் கொடுத்தால் வாங்கி வையுங்கள். கரண்ட் போகாத நாளில் பயன்படும்.

ஆர்வமா செஞ்ச டீச்சர் இடமாறுதல் கலந்தாய்வுல வேற ஸ்கூலுக்கு மாறிப் போயிட்டாங்க. அதோட நின்னுபோச்சு.

இதுதான் நம் பள்ளிகளின் உண்மையான பிரச்சினை. ஆசிரியர் போனாலும் கேள்விகள் போகக் கூடாது. பாடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் பள்ளியில் இருக்கட்டும். நன்றாக வேலை செய்த கேள்வி, பிள்ளைகள் சொன்ன தப்பான பதில்கள், எந்தப் பாடம், எந்த வகுப்பு என்று மூன்று வரி. இது ஆய்வுக்கான பதிவேடு இல்லை, கையெழுத்தும் தேதியும் வேண்டாம், எழுதாதவரை யாரும் கேட்கவும் கூடாது. ஜூனில் புதிதாக வருபவர் கையில் முதல் நாளே இதைக் கொடுங்கள். ஒரு வருடம் பழகிய பிள்ளைகளும் உதவுவார்கள். புது ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு உடனே பெயர் கூப்பிட்டால், 'சார், யோசிக்க டைம் குடுக்கலையே' என்று ஏழாம் வகுப்பே கேட்கும்.

எச்.எம்.முக்கே இதுல இஷ்டமில்ல. நான் மட்டும் செய்யலாமா?

தாராளமாக. ஒரு வகுப்பு, ஒரு பாடம், ஒரு பீரியடுக்கு ஒரு சுற்று. யாரிடமும் அறிவிக்க வேண்டாம். பழகுவதற்குக் கூடுதல் நாள் ஆகும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். 'எல்லா வகுப்பிலும்' கேள்வியில் சொன்ன அதே காரணம்தான்.

வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்? மார்க் ஏறுமா?

ஒரு பருவத் தேர்வை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வினாத்தாள் எளிதாக இருந்ததாலும் மதிப்பெண் ஏறும். முன்னதாகத் தெரிவது வேறு: விடைத்தாளில் காலியாக விடும் கேள்விகள் குறைகின்றனவா, 'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளுக்குப் பிள்ளைகள் எதையாவது எழுதிப் பார்க்கிறார்களா என்று அரையாண்டுத் தாள்களை எடுத்துப் பாருங்கள். நாலு மாதம் ஆகியும் அதே முதல் பெஞ்ச்தான் பேசுகிறது என்றால், கேள்விகள் சரியில்லை அல்லது பெயர் கூப்பிடுவதை விட்டுவிட்டீர்கள். முறையை மாற்றும் முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

எப்பல்லாம் இதைச் செய்யவே கூடாது?

ஆய்வகத்தில் அமிலத்தைக் கையாளச் சொல்லும்போது கூடாது. அங்கே கலந்துரையாடலுக்கு இடமில்லை, சொன்னபடி செய்ய வேண்டும். ஒரு கருத்தை முதன்முதலில் அறிமுகம் செய்யும்போதும் வேண்டாம், பேசுவதற்குப் பிள்ளைகளிடம் எதுவும் இருக்காது. விளையாட்டு பீரியடை வாங்கிக் கணக்கு நடத்தும் நாளில் எந்த முறையும் எடுபடாது.